ஊமைக்காயத்துக்கு ஒரு தாள்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சி – சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் பிசியோதெரபி மையம் நடத்துகிறேன். நான் கேட்கப் போவது பெரிய விஷயம் இல்லை. சாலை விபத்தில் அடிபட்டு அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவுக்கு வந்து, "ஒண்ணும் இல்லை, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பப்படும் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுக்க வேண்டும். அடுத்த சில நாளில், சில வாரத்தில் என்னென்ன நடந்தால் திரும்பி ஓடி வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அப்படி வருகிறவரைப் புதுசாக ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் நிற்க வைக்காமல், பழைய விபத்துப் பதிவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இந்த நீளம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' தொடங்கியபோது எங்கள் பக்கத்தில் பலரும் இதுவும் ஒரு அறிவிப்பு என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அது வேலை செய்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள் யார் அடிபட்டாலும் சரி, எந்த ஊர், எந்த மாநிலம், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றெல்லாம் கேட்காமல் முதல் 48 மணி நேரத்துக்கு இலவசம், 81 வகைச் சிகிச்சைகள், ஆளுக்கு ஒரு லட்சம் வரை என்று ஆரம்பித்த திட்டம் அது. அதற்கு முன்னால் "போலீஸ் கேஸு, ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க" என்று தனியார் மருத்துவமனை வாசலிலேயே ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிய காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மத்திய அரசும் 2025 மே மாதம் நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. எல்லாம் சரி. இரண்டிலுமே கடிகாரம் வண்டி மோதிய நொடியில் ஓட ஆரம்பிக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் ஒரு பகுதிப் பேருக்கு, அந்தக் கடிகாரம் நின்ற பிறகுதான் தொந்தரவே ஆரம்பிக்கிறது.

2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாகின. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அந்தக் கணக்கில் வருவது பதிவானது மட்டும். டோல்கேட் வரிசையில் பின்னால் வந்த வேன் இடித்தது, சிக்னலில் நின்றபோது ஆட்டோ வந்து மோதியது, இறங்கிப் பார்த்து பம்பரைத் தடவி, "பரவால்ல விடுங்க" என்று அவரவர் வழியில் போனது எதுவும் அதில் இல்லை. கால் முறிந்தவரை யாரும் தவறவிடுவதில்லை. மண்டை உடைந்து ரத்தம் கொட்டினால் ஊரே தூக்கிக்கொண்டு ஓடும். தானே எழுந்து நின்று, தானே போன் செய்து, மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

அடிபட்ட சூட்டில் வலி தெரியாது என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது உண்மைதான். அட்ரினலின் ஏறிய உடம்பு வலியை அமுக்கி வைக்கும், உடம்பே சுரக்கிற வலி நிவாரணிகளும் சேர்ந்துகொள்ளும். சூடு தணிய சில மணி நேரம் ஆகும். தசை, தசைநார் கிழிந்த இடத்தில் வீக்கம் ஏற ஒரு நாள், இரண்டு நாள். இதெல்லாம் வலியின் கதை, பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். எனக்குக் கவலை மற்ற ரகத்தைப் பற்றித்தான். அதாவது உள்ளே ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, இடம் நிறைந்த பிறகு மட்டும் வெளியே தெரிகிற ஊமைக்காயங்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அறுபத்தைந்தைத் தாண்டிய பெரியவர், மருமகன் ஓட்டிய காரில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவர். டோல்கேட்டில் பின்னால் இருந்து இடி. தலை இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் மோதியது. ரத்தம் இல்லை, ஒரு புடைப்புகூடப் பெரிதாக இல்லை. மருத்துவமனைக்குப் போனார்கள், போகாமல் இல்லை. வலிக்கு ஒரு ஊசி, மூன்று நாள் மாத்திரை, அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, "வலது கால் கொஞ்சம் இழுக்குது, வாதம் மாதிரி இருக்கு, பயிற்சி கொடுங்கம்மா" என்று என்னிடம் கூட்டி வந்தார்கள். வாசலில் இருந்து மேசை வரை நடந்து வந்தார். வலது கால் செருப்பு நடுவழியிலேயே கழன்று கிடந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை, வெறுங்காலோடு வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். மகள் சொன்னது: கொஞ்ச நாளாகவே காலையில் தலைவலி, மதியம் முழுக்கத் தூக்கம், காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே காப்பி கேட்கிறார், வயசாகிடுச்சு. விபத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது முடிந்துபோன சமாசாரம். "சமீபத்தில் எங்கேயாவது விழுந்தாரா, தலையில் எதுவும் பட்டதா" என்று நான் கேட்ட பிறகுதான் மகள் மருமகனைப் பார்த்தார், மருமகன் தரையைப் பார்த்தார்.

சி.டி. எடுத்ததில் மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே இடப்பக்கம் முழுக்கப் பழைய ரத்தம் தேங்கி மூளையை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு அதை வடித்தார்கள். இப்போது நன்றாக நடக்கிறார். அவர் பல வருடமாக இதயத்துக்கு ஈகோஸ்பிரின் என்ற, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்.

இதில் புதிர் எதுவும் இல்லை, உங்கள் நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். உறைக்கும் மூளைக்கும் நடுவே பாலம் போல ஓடும் சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியே அவற்றைக் கிழிக்கப் போதும். சுருங்கிய தலைக்குள் இடம் நிறைய இருப்பதால் ரத்தம் சேரச் சேர ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, மூன்று வாரம் நான்கு வாரம் கழித்துத்தான் கால் இழுக்கும், பேச்சு குழறும், ஆள் மந்தமாவார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆபத்து கூடுதல். ஆனால் விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள்? மயக்கம் இல்லை, வாந்தி இல்லை, வலிப்பு இல்லை, காது மூக்கில் ரத்தம் இல்லை. இந்த நான்கு 'இல்லை'யும் எந்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டு) காப்பியைப் புரட்டினாலும் இருக்கும். "ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா" என்ற ஐந்தாவது கேள்வியை நான் பார்த்த காப்பிகளில் காணோம். தாள் ஒருபுறம் இருக்கட்டும், இந்த ஒரு கேள்வியைப் பதிவேட்டில் அச்சடித்தே சேர்த்துவிடலாம், செலவு பூஜ்ஜியம்.

இளைஞர்களுக்கு வேறு விதம். நெற்றிப் பொட்டுப் பக்கம் எலும்பு மெல்லியது, அதன் உட்புறம் ஒரு தமனி ஓடுகிறது. அது கிழிந்தால் ரத்தம் வேகமாகச் சேரும், கணக்கு வாரங்களில் இல்லை, மணி நேரங்களில். அடிபட்டதும் கொஞ்சம் கிறுகிறுப்பு, அப்புறம் தெளிவு, நன்றாகப் பேச்சு, சில மணி நேரம் கழித்துத் தாங்க முடியாத தலைவலி, பிறகு ஆளே சாய்ந்துவிடுவார். நடுவில் வரும் அந்தத் தெளிவான நேரம்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. வசதி இல்லாதவர்களுக்கு நடப்பது என்று நினைத்துவிட வேண்டாம். 2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார், எழுந்து சிரித்துப் பேசினார், வந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது, இரண்டே நாளில் இறந்துவிட்டார்.

அடுத்து வயிறு. சீட் பெல்ட் உயிரைக் காப்பாற்றும், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, போடாதவர்களிடம் சண்டையே போடுவேன். ஆனால் பெல்ட் பதிந்த தடம் அடிவயிற்றில் குறுக்காகக் கன்றிப்போய்த் தெரிந்தால், உள்ளே குடலோ குடலைத் தாங்கும் சவ்வோ கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. முதல் நாள் ஸ்கேனில் அது பிடிபடாமலும் போகலாம், மறுநாள் காய்ச்சல், வயிறு கல்லாக இறுகுவது, வாந்தி என்று ஆரம்பிக்கும். மண்ணீரல் இன்னும் கள்ளத்தனமானது. உறைக்குள்ளேயே ரத்தம் கட்டி, இரண்டு நாள் கழித்தோ ஒரு வாரம் கழித்தோ வெடிக்கலாம். அதன் முதல் அடையாளம் சில பேருக்கு இடது தோள்பட்டை வலி. தோள்வலி என்றால் அவர் எங்கே வருவார்? என்னைப் போன்றவர்களிடம்தான். தோளை மேலே தூக்கச் சொல்லி, பின்னால் திருப்பச் சொல்லி, அழுத்திப் பார்த்தும் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை, ஆனால் மல்லாந்து படுத்தால் கூடுகிறது, முகம் வெளிறி வியர்த்திருக்கிறது என்றால் அது தோளின் வலியே இல்லை. அவரை மேசையில் படுக்க வைத்து மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். உங்கள் தாள் எங்களைப் போன்ற மையங்களின் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மெடிக்கல் ஷாப்பிலும் ஒட்டுங்கள். விபத்து நடந்த மூன்றாம் நாள் ஜனங்கள் முதலில் போய் நிற்கிற இடம் அதுதான்.

கழுத்து பற்றி நான் நாள் முழுக்கப் பேசுவேன், தொழில் அப்படி. பின்னால் இருந்து இடிக்கும்போது சீட் முதுகை முன்னால் தள்ளுகிறது, தலை மட்டும் பின்தங்கி நின்று அப்புறம் வெடுக்கென்று முன்னால் பாய்கிறது. விப்லாஷ் என்பது இதுதான். ஹெட்ரெஸ்ட்டைக் கீழே அழுத்தி வைத்துக்கொண்டு ஓட்டுகிறவருக்குத் தாங்க ஒன்றுமே இல்லை. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் தலையைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்புவார்கள். எக்ஸ்ரே நார்மல் என்று வரும், வீட்டில் நடிக்கிறான் என்பார்கள். இதில் பெரும்பாலானவர்கள் பயப்படாமல் கழுத்தை மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்தால் தேறிவிடுவார்கள். யாரோ போட்டுவிட்ட கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் கழற்றாமல் சுற்றுகிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள், கழுத்துத் தசையே வேலையை மறந்துவிடுகிறது. ஆனால் கை மரத்துப்போவது, சட்டைப் பித்தான் போட விரல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் பிரியாமல் நிற்பது, இவை வந்தால் அது பயிற்சிக்கு உரிய கழுத்து இல்லை, தண்டுவடம் நசுங்குகிறது, உடனே அனுப்ப வேண்டும். அதோடு, தயவுசெய்து தாளில் கொட்டை எழுத்தில் போடுங்கள்: விபத்துக்குப் பிறகு சுளுக்கு வழிக்கக் கொடுக்காதீர்கள், சலூனில் தலைக்கு மசாஜ் செய்து கடைசியில் கழுத்தைச் சொடுக்க விடாதீர்கள். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால், ஒன்றும் செய்யாமல் இருந்தாலே சில நாள் கழித்துப் பக்கவாதம் வரக்கூடும். அதைப் பிடித்து ஒரு திருகு திருகினால் என்ன ஆகும்?

கர்ப்பிணிகளைப் பற்றித் தாளில் தனியாக ஒரு பத்தி வேண்டும். "வயித்துல அடி படலை" என்று அவர்களே சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வயிற்றில் நேரடியாகப் படாவிட்டாலும் குலுங்கிய குலுக்கில் நஞ்சுக்கொடி பிரிய ஆரம்பிக்கலாம், ரத்தப்போக்கு வெளியே தெரியாமலும் இருக்கலாம். ஐந்தாவது, ஆறாவது மாதத்தைத் தாண்டியவர் என்றால் குறைந்தது நான்கு மணி நேரமாவது குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து கவனித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். நெகட்டிவ் ரத்த வகை என்றால் 72 மணி நேரத்துக்குள் ஊசி தேவைப்படும். நம் மாநிலத்தில் ஒவ்வொரு கர்ப்பிணியின் ரத்த வகையும் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிகள் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது, கிராம சுகாதார செவிலியரின் கைபேசி எண் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விபத்துப் பிரிவில் இருந்து நர்ஸம்மாவுக்கு ஒரு தகவல் போனால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். அந்தத் தகவல்தான் போவதில்லை.

மனசைப் பற்றியும் இரண்டு வரி. ஹாரன் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுவது, காரில் ஏற மறுப்பது, அதே கனவு திரும்பத் திரும்ப வருவது, நின்றுபோன பழக்கம் திரும்பி குழந்தை படுக்கையில் சிறுநீர் கழிப்பது, இதெல்லாம் முதல் சில வாரத்தில் இருப்பது சகஜம். எங்கள் ஊரில் "பயந்திருக்கு" என்று பள்ளிவாசலில் ஓதி வருவார்கள், கோயிலில் திருநீறு போடுவார்கள். நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும் என்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுக்கிறேன். அந்த எண் உங்கள் தாளின் கடைசி வரியில் இருக்கட்டும்.

இனி பதிவேட்டு விவகாரம். இதில் காவல்துறையும் வருகிறது, நீதிமன்றமும் வருகிறது, அவை உங்கள் கையில் இல்லை என்று தெரியும். ஆனால் ஆரம்பம் உங்கள் கையில்தான் இருக்கிறது. விபத்து நடந்த இடத்திலேயே, இல்லை ஸ்டேஷனில், "எனக்குக் காயம் எதுவும் இல்லை, மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போய்விடுகிறார்கள். பம்பருக்கான கணக்கு அது. கழுத்துக்கும் மூளைக்கும் கணக்கு அப்புறம் வருகிறது. அப்போது ஏ.ஆர். இல்லை, எஃப்.ஐ.ஆர். இல்லை, காப்பீட்டு நிறுவனம் "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்" என்று கேட்கும். இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற விதியும் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், அது தனிக்கதை.

சட்டமே காத்திருந்து பார்க்கச் சொல்கிறது என்பதுதான் எனக்கு வேடிக்கை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில், 15 நாள் கடும் உடல் வலியில் இருந்தாலோ, அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. அடிபட்ட அன்று இரவே சாதாரணக் காயம் என்று சான்றிதழ் எழுதி மூடிவிட்டால் பதினைந்தாவது நாளை யார் போய்ப் பார்ப்பது? டியூட்டி டாக்டர் அன்றைக்குக் கண்டதை அன்றைக்கு எழுதியது சரிதான், அவர் மேல் ஒரு குறையும் இல்லை. அந்த ஏ.ஆர். எண்ணிலேயே தொடர் பதிவு போடலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து வந்தவரின் சி.டி. முடிவும் அதே எண்ணின் கீழ் ஏறும். அப்புறம், காயம் இல்லை என்று தெரிந்தாலும் விபத்தில் சிக்கி வந்த ஒவ்வொருவருக்கும் ஏ.ஆர். போட வேண்டும். இப்போது ரத்தம் வந்தால்தான் பதிவேடு திறக்கிறது, மற்றவர்களுக்கு வெறும் ஓ.பி. சீட்டு, அதில் 'உடல் வலி' என்று இரண்டு வார்த்தை.

எல்லோருக்கும் சி.டி. எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சி.டி. அறை வாசலில் நிற்கும் வரிசையும் தெரியும், தேவையில்லாத கதிர்வீச்சு எதற்கு என்பதும் தெரியும். யாருக்கு எடுக்க வேண்டும் என்பதற்கு நல்ல விதிமுறைகள் இருக்கின்றன. கனடாவில் 2001இல் வகுத்த விதிப்படி, தலையில் அடிபட்டுச் சற்று நேரமாவது மயக்கமோ மறதியோ குழப்பமோ இருந்து, வயதும் 65 ஆகியிருந்தால் அதுவே சி.டி. எடுக்கப் போதுமான காரணம். வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை, அதனால் அவர்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் தலையில் அடிபட்டு வீட்டுக்குப் போகிறவரிடமும் கூட வந்தவரிடமும் வாயால் சொல்வதோடு அச்சடித்த தாளும் கொடுக்க வேண்டும் என்று அவர்களுடைய தேசிய வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. நம்மிடம் டேய் (TAEI) என்று சுருக்கமாகச் சொல்லும் அவசரச் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது, அவசரத்துக்கு ஏற்பச் சிவப்பு மஞ்சள் பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கும் முறை இருக்கிறது. இந்தத் தாள் பச்சைக்காரர்களுக்கானது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நீங்கள் ஏற்கெனவே நிறையச் செய்திருக்கிறீர்கள்.

டாக்டர் வாயால் சொல்லித்தான் அனுப்புகிறார் என்று பதில் வரும். சொல்கிறார், உண்மை. நள்ளிரவில், நாலு பேர் கத்திக்கொண்டிருக்கும் அறையில், இப்போதுதான் வண்டி நொறுங்கியதைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் சொல்கிறார். மூளை குலுங்கியவருக்கு அன்றைய பேச்சே ஞாபகம் இருக்காது. அதனால்தான் தாள், அதையும் கூட வந்தவர் கையில் கொடுக்க வேண்டும். தலைக்குள் ரத்தம் கட்டுகிறவர் தான் சரியில்லை என்பதைத் தானே உணர மாட்டார், பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். இப்படிப் போகிறது: "இப்போது ஆபத்து எதுவும் தெரியவில்லை. ஆனால் சில காயங்கள் மெதுவாகத்தான் வெளியே தெரியும். இன்று இரவு தனியாகப் படுக்க வேண்டாம். தூங்கலாம், தூங்கவிடாமல் உட்கார வைக்கத் தேவையில்லை. எழுப்பினால் எழுந்து ஒழுங்காகப் பேச வேண்டும், எழுப்ப முடியாவிட்டால் உடனே 108. தலைவலி கூடிக்கொண்டே போனால், மறுபடி மறுபடி வாந்தி எடுத்தால், பேச்சு குழறினால், ஒரு கை கால் சோர்ந்தால், வலிப்பு வந்தால், காதில் மூக்கில் தண்ணீர் போல ஒழுகினால் திரும்பி வாருங்கள். வயிற்று வலி கூடினால், இடது தோள் காரணமில்லாமல் வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், தலை சுற்றி விழப் பார்த்தால் வாருங்கள். வலிக்கு பாராசிட்டமால் மட்டும் போதும், கடையில் சொல்லி வேறு வலி மாத்திரை வாங்க வேண்டாம். சில நாளைக்கு மது வேண்டாம். தலை தெளியும் வரை வண்டி ஓட்ட வேண்டாம். வயதானவர் என்றால் அடுத்த இரண்டு மாதத்துக்கு அவருடைய நடையையும் பேச்சையும் கவனியுங்கள். எங்கே போனாலும் 'இந்தத் தேதியில் விபத்து நடந்தது' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்." அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பெரியவர் விஷயத்தில் ஒரு மாதம் வீணானது அந்த வாக்கியம் இல்லாமல்தான்.

தொடர்ந்து கவனிக்க ஆள் எங்கே என்றால், அதற்கும் புதுத் திட்டம் எதுவும் தேவையில்லை. 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. மூன்றாம் நாள் ஒரு அழைப்பு, மூன்றாம் வாரம் ஒரு அழைப்பு, இரண்டு நிமிடம் போதும். அறுபதைத் தாண்டியவர்களில் நிறையப் பேர் வீட்டுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் எப்படியும் பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை கொண்டு போகிறார். "நடுவுல எங்கயாவது வண்டில இடிபட்டீங்களா, விழுந்தீங்களா" என்று அவர் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும். அந்தப் பெண்களை எனக்குத் தெரியும், கேட்கச் சொன்னால் நன்றாகவே கேட்பார்கள், தெருவில் யார் வண்டியில் விழுந்தார்கள் என்பது நம் எல்லோரையும்விட அவர்களுக்குத்தான் முன்னால் தெரியும்.

வரைவை எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயர் எங்கும் வேண்டாம். உங்கள் நரம்பியல், மகப்பேறு மருத்துவர்கள் திருத்தித் தரட்டும், நான் விட்டதும் இருக்கும். ஆனால் திருத்தும்போது தமிழைக் கலைக்கழகத் தமிழாக்கிவிட வேண்டாம், 'குமட்டல் உணர்வு மேலோங்கின்' என்று ஆரம்பித்தால் எங்கள் ஊரில் யாரும் இரண்டாவது வரிக்குப் போக மாட்டார்கள். பின்பக்கத்தில் இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் அச்சடியுங்கள். இந்த நெடுஞ்சாலையில் லோடு வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களில் நிறையப் பேர் அந்த மொழிக்காரர்கள், அவர்களுக்கு இந்த ஊரில் கூட வந்து உட்காரச் சொந்தக்காரர்களும் கிடையாது. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், படிக்கப் போவது பெரும்பாலும் கண்ணாடியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள்.

இப்படிக்கு,
நெடுஞ்சாலை ஓரத்து பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி